பூதக்கண்ணாடி நிறுத்திய விரல்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். செக்கிங் மேசையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தையல் பார்ப்பவள். வலக்கை விரலால் ஒரு தடவல் போதும், விட்டுப்போன தையல் தட்டுப்பட்டுவிடும். வீட்டிலும் அதே கதைதான். பல் தேய்த்துவிட்டேன் என்று கணவர் சொன்னால்கூட, பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தலைக்குள் கட்டி வந்தது. அதுவும் வலக்கையை ஆட்டிவைக்கும் இடத்தை ஒட்டியே வந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: மண்டையைத் திறந்தபின் அவளை விழிக்க வைப்பார்கள், மூளைக்கு வலி தெரியாது. அவள் கையை மடக்கி விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். லேசான மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொடுவார்கள். தொட்டதும் கை நின்றுவிட்டால் அங்கே கத்தி வைக்கமாட்டார்கள்.

அவள் தலையை ஆட்டினாளே தவிர ஒரு சொல்லையும் நம்பவில்லை. கை போனால் மேசை போய்விடும். கை நின்றதை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டுக் கேட்டுக் கணவருக்குக் காது புளித்துவிட்டது.

அறுவை மேசையில் விழித்தபோது பச்சைத் துணிக்கு அப்பால் டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. இரண்டு முறை கை அவள் சொல் கேட்காமல் நின்றது. கையைக் கவனிக்கப் பக்கத்திலிருந்த நர்ஸ் அதை டாக்டரம்மாவிடம் சொன்னாள். ஆனால் அந்த நர்ஸின் கண் கடிகாரத்துக்குப் போனதுபோல் இவளுக்குப் பட்டது. தொழிற்சாலையில், செக்கிங் பெண்கள் அசந்திருக்கிறார்களா என்று பார்க்க, மேற்பார்வையாளர் நல்ல சட்டைகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஓர் ஓட்டைச் சட்டையைச் செருகி அனுப்புவார். அதையே இவளும் செய்தாள். அடுத்த இடத்தில் மின்சாரம் வைத்ததும், நன்றாக ஆடிக்கொண்டிருந்த கையைத் தானே நிறுத்தினாள்.

நர்ஸ் உடனே சொல்லிவிட்டாள். பூதக்கண்ணாடிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்து டாக்டரம்மாவின் குரல் வந்தது: "அப்போ இந்தத் துண்டை எடுக்க வேண்டாம். உள்ளேயே விட்டுடலாம்."

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கட்டி தலைக்குள்ளேயே தங்கிவிடும்.

"டாக்டர், அது தானா நிக்கலை. நான்தான் நிறுத்தினேன். நீங்க பார்க்கறீங்களான்னு."

டாக்டரம்மா கேட்டார், "முன்னாடி ரெண்டு தடவை நின்னுச்சே, அது?"

"அது நிஜமாவே நின்னுச்சு. என்னை நம்புங்க." அப்படியொரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"நம்பமாட்டேன்மா. முதல் இடத்துலேருந்து திரும்பப் பார்க்கப்போறேன். மடக்குங்க."

அந்தப் பதிலில்தான் அவளுக்கு டாக்டரம்மா மேல் நம்பிக்கை வந்தது. விரல்களை மடக்கினாள், விரித்தாள், இந்த முறை கள்ளமில்லாமல்.