அட்டைப் படத்தில் இல்லாத வயல்

பழைய காலத்துச் சூளை, உலை, அங்கே உழைத்தவர்கள் விட்டுப்போன தடயம், இவற்றைத் தோண்டிப் பார்ப்பதுதான் என் தொழில். எனக்கு வாயும் அதிகம், பிடிவாதமும் அதிகம். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றுப் பாசனம் முடியும் கடைமடையில், ஒரு விவசாயியிடம் இரண்டையும் காட்டினேன்.

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் அவர் வாய்க்காலுக்கு எட்டவில்லை. குறுவை நெல் கதிர் விடும் சமயம். வயல் மூலையில் போர்வெல் போட வண்டி வந்து நின்றது. அதற்காகக் குழி வெட்டியபோது செங்கல் அடுக்கு தட்டுப்பட, யாரோ எனக்குப் போன் செய்தார்கள். ஓடினேன். பல நூறு வருஷத்துச் செங்கல் சூளை. ஒரு கல்லில், ஈர மண்ணாக அதை அச்சில் அறுத்தவரின் விரல் பதிவு அப்படியே இருந்தது.

"வண்டிய அனுப்பிருங்க. பத்து நாள் குடுங்க," என்றேன்.

"வேற மூலையில போட்டா உப்புத் தண்ணிங்க மேடம்," என்றார் அவர்.

வரப்பில் நின்ற அவர் மனைவி சொன்னார்: "இத்தன காலம் கெடந்த கல்லு இன்னும் கெடக்கும். பயிரு பத்து நாள் தாங்காதுங்க."

சட்டம், கேஸ், கலெக்டர் என்று மிரட்டினேன். எந்த உத்தரவும் என் கையில் இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அவர் பயந்துபோய் வண்டியை அனுப்பிவிட்டார்.

பத்து நாள் இருபதாயிற்று. அதற்குள் அந்த வண்டி எங்கெங்கோ போய்விட்டது, மழையும் ஏமாற்றியது. பயிர் நின்ற இடத்திலேயே காய்ந்தது. கடைசியில் ஆட்டை இறக்கி மேயவிட்டார்கள். அதே நேரம் நான் குழிக்குள் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சூளையைப் பற்றி நான் எழுதிய புத்தகம் அச்சானதும் ஒரு பிரதியோடு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்ததெல்லாம் அந்த விரல் பதிவு, கல் அறுத்தவரின் பாடு, அவர் உழைப்புக்கு இப்போதாவது கிடைத்த மரியாதை. சொல்லச் சொல்ல எனக்கே கூசியது.

விவசாயி அட்டையில் இருந்த சூளைப் படத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க எங்க நின்னு எடுத்தீங்கன்னு தெரியும் மேடம். பின்னால எங்க பயிரு இருக்கணுமே?"

காய்ந்த பயிர் பார்க்க நன்றாக இல்லை என்று படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிடச் சொன்னது நான்தான்.

"இருந்துச்சுங்க," என்றேன்.

"அப்ப இது எங்க வயலு இல்லீங்க," என்று புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.