பின்லாந்துக் கண்ணு

எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். நான் கதவைத் திறந்தால் அவர் திறக்க மாட்டார். நான் பூட்டி, படியிறங்கி, கீழ்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவார். என் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி என்று நினைத்துக் கொஞ்ச நாள் கோபமாகத் திரிந்தேன். விசாரித்ததில், பின்லாந்தில் அதற்குப் பெயர் மரியாதையாம். எதிரே பார்த்துவிட்டால் 'மோய்' என்று வணக்கம் சொல்ல வேண்டிவரும். அந்தச் சிரமத்தை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். அன்றிலிருந்து நானும் நிற்கிறேன். சில காலைகளில் இருவரும் அவரவர் கதவுக்குப் பின்னால் நின்றுநின்று, இருவருக்குமே வேலைக்கு நேரமாகிவிடும்.

என் வேலை லிப்ட் பழுது பார்ப்பது. இராஜபாளையம் மில்லில் பிட்டராக இருந்தவன், இங்கே வந்து லிப்டில் ஏறிவிட்டேன். லிப்டுக்குள்ளும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் மாடி எண்ணைப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீ குடிப்பதற்குள் எந்தத் தெரு, யார் மகன், சம்பளம் எம்புட்டு, இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நான்கு பேர் கேட்டு முடித்திருப்பார்கள். தெரியாத ஆள் புதுச் சட்டை போட்டிருந்தால் பைக்கை மெதுவாக்கித் திரும்பிப் பார்க்கிற ஊர் அது. பார்ப்பதை எங்களவர்கள் ஒரு வேலையாகச் செய்வார்கள். அதனால்தான் பார்வைக்கு வைத்தியமும் எங்களிடமே இருக்கிறது.

மாரீஸ்வரி மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் மனைவி. பிறந்தது வத்திராயிருப்பு, வாழ்க்கைப்பட்டது இராஜபாளையம். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணி வாங்கிவந்து வீட்டில் உருட்டிக் கொடுக்கிறார். அண்ணன் மில்லில் ஷிப்டு பார்க்கிறான். மகள் தர்ஷினி காலேஜ் போகிறாள். இதில் ஒன்றும் விசேஷம் இல்லை. விசேஷம் எல்லாம் மதினியின் சொளகில்தான். முறத்தை எங்கள் பக்கம் சொளகு என்போம். தினமும் சமையலுக்கு முன்னால், அன்றைய காய்கறியைச் சொளகில் பரப்பி ஒரு படம் செய்வார். பீர்க்கங்காய் டவுன் பஸ் ஆகும், படிக்கட்டில் தொங்குகிற பையன்கள் எல்லாம் பச்சை மிளகாய். வெண்டைக்காயில் செங்கோட்டை ரயில் ஓடும், பின்னால் முட்டைக்கோஸ் இலை மலையாக நிற்கும். அண்ணன் நைட் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருப்பதை ஒரு வாடிய கத்தரிக்காயை வைத்துச் செய்தார். தலைமுடிக்குக் கொஞ்சம் பஞ்சு. அச்சு அசல் அவனேதான். செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, அம்புட்டையும் அள்ளிக் குழம்பில் போட்டுவிடுவார்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது நேரிலேயே பார்த்தேன். எனக்கு நல்ல பசி. மதினி சொளகின் முன்னால் உட்கார்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை ஒரு வாழைப்பூவில் எழுப்பிக்கொண்டிருந்தார். வடம் பிடிக்கிற கூட்டத்துக்குச் சின்ன வெங்காயம்.

"ஏட்டி, தேரு நிலைக்கு வர்றதுக்குள்ள எனக்கு ஷிப்டு போயிரும். சோத்தப் போடு" என்று அண்ணன் கத்தினான்.

"செத்த நேரம் பொறுங்க. சக்கரம் நிக்க மாட்டேங்குது."

சக்கரத்துக்கு வைத்திருந்த தக்காளியை நான்தான் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து அந்தத் தேரைச் சாப்பிட்டோம். வாழைப்பூ லேசாகத் துவர்த்தது. அதைச் சொல்லுகிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

தர்ஷினி இந்தப் படங்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். எனக்கு மட்டும் மதினி தனியாகவும் அனுப்புவார். காலையில் விழித்துப் போனை எடுத்தால், சொந்தக்காரர்கள் அனுப்பிய குட் மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவே சொளகு இருக்கும். தெருவில் யார் சண்டை, எந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள், யாருடைய ஸ்கூட்டரை நாய் துரத்தியது என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். இங்கே குளிர்காலத்தில் காலை ஒன்பதரைக்குத்தான் மசமசவென்று விடியும். அதுவரை எனக்குப் பொழுது விடிந்தது அந்தப் படத்தில்தான். அது இல்லாமல் ஒரு நாளைத் தொடங்க எனக்குப் பிடிக்காது.

நம் பெருமையை நாலு பேர் பார்க்கட்டுமே என்று படங்களை எங்கள் நூலகத்தில் வேலை பார்க்கும் கிர்சி என்ற அம்மாளிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நோ நீன்" என்றார். அது 'சரி' என்றும் வரும், 'அடடா' என்றும் வரும், 'எழுந்து போ' என்றும் வரும். இந்த முறை நல்ல அர்த்தம். படங்களைப் பெரிதாக அச்சிட்டு நூலக நடையில் மாட்டலாம் என்றார்.

"மூலப் படைப்புகள் எங்கே பாதுகாக்கப்படுகின்றன?" என்று கேட்டார்.

"சாம்பாரில்" என்றேன்.

அது எந்த ஊர் அருங்காட்சியகம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். விளக்கினேன். ஒவ்வொரு படத்தின் கீழும் 'படைப்பு உண்ணப்பட்டது' என்று பின்னிஷில் எழுதி ஒட்டினார்.

மதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம் பேரு போட்டுருக்காங்களா தம்பி? வெள்ளக்காரன் நெசமாவே நின்னு பாக்கானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜனங்கள் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கத்தரிக்காய் அண்ணன் முன்னால் நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பினேன். யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஊர், என் அண்ணனைக் கண்கொட்டாமல் பார்த்தது.

அதன் பிறகு அண்ணன் வீட்டில் நடந்தவை: கிரைண்டர் புகைந்தது. பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தது. தர்ஷினிக்குக் காய்ச்சல். அண்ணன் பைக்கோடு சறுக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. வீடு நிறைய பேண்டேஜ் இருந்ததால் மருந்துக் கடைக்கு மட்டும் போக வேண்டியிருக்கவில்லை.

ஒரு காலையில் படம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரோஜாப்பூக்கள் மட்டும் வந்தன. போன் போட்டேன்.

"இனிமே படம் வேண்டாம் தம்பி" என்றார் மதினி. "கண்ணு பட்டிருச்சு. பச்சப் பிள்ளைக்குக் கூட கன்னத்துல மை வச்சுத்தான் வெளிய தூக்குவோம். நான் மூள இல்லாம அம்புட்டுப் படத்தையும் ஒரு பொட்டு மை வைக்காம கடலு தாண்டி அனுப்பிட்டேன்."

"சுத்திப் போட்டீங்களா?"

"போடாம இருப்பனா? உள்ளூருக் கண்ணுக்குப் போட்டேன். கேக்கல. இது அங்கிட்டுக் கண்ணு. பாத்தவன் காலடி மண்ணு வேணும்."

வெளியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மண் எல்லாம் முழங்கால் உயரப் பனிக்கு அடியில் பாறையாக இறுகிக் கிடந்தது. ஏப்ரலில்தான் கண்ணில் படும் என்று சொன்னேன். அண்ணன் போனைப் பிடுங்கினான்.

"ஏலே, ஏப்ரல் வரைக்கும் இங்க தாங்காது. இவ காய வெட்டி நேராச் சட்டியில போடுதா. வீடே வெறிச்சோடிப் போச்சு. எதாச்சும் பண்ணு."

யோசனை தர்ஷினியுடையது. கண்ணு போன் வழியாக வந்தது. மண்ணும் போன் வழியாக வரலாமே. மதினி அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "நாயமாத்தான் இருக்கு" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நூலக வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். வழுக்காமல் இருக்க இந்த ஊர்ப் பாதைகளில் பொடிக்கல் தூவுவார்கள். அது பூட்ஸில் ஒட்டிவந்து வாசல் கால்மிதியில் உதிரும். அதைத்தான் படம் எடுத்தேன். வந்தவர்கள் என்னைச் சுற்றி மரியாதையாக விலகிப் போனார்கள். கிர்சி வந்து, இது அடுத்த கண்காட்சிக்கா என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் அதிகமாக ரசித்ததால் என் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான், அதற்குப் பரிகாரம் என்று சொன்னேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நான் அதிகமாக ஒன்றும் பாராட்டவில்லையே. பார்வையாளர் குறிப்பில் 'மோசமில்லை' என்றுதான் எழுதினேன்."

"அது போதும்."

"நோ நீன்" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். அடியில் நல்ல கல் இருந்தது.

படங்களை அனுப்பினேன். மதினி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க காலடி எது?" என்று கேட்டார்.

"என்னோடது எதுக்கு மதினி?"

"அங்க எம் படத்த அதிகமாப் பாத்தது யாரு?"

உண்மை. பஸ்ஸில் பார்ப்பேன், லிப்டுக் கூரைமேல் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பார்ப்பேன், பழையதை எல்லாம் தேடி எடுத்துப் பார்ப்பேன். "கோவிக்காதீங்க தம்பி. ஏங்கிப் பாக்குற கண்ணும் கண்ணுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இறங்கிப்போய் என் பூட்ஸ் தடத்தையும் எடுத்து, கிர்சியின் பூட்ஸ் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, அங்கே விளக்கு வைக்கிற நேரம். இங்கே மதியம் மூன்று மணி, இருட்டத் தொடங்கியிருந்தது. நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்த காலடிகளை மதினி சுக்குநூறாகக் கிழித்து, வற்றல் மிளகாயோடும் கல்லுப்போடும் கையில் பொத்திக்கொண்டார். அண்ணனும் தர்ஷினியும் கிழக்கே பார்த்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். போனைத் தூக்கி அண்ணனுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

"நானுமா?" என்றேன். "என் காலடி உங்க கைக்குள்ள இருக்கே."

"அதுக்கு? நம்ம வீட்டு ஆளு இல்லன்னு ஆயிருமா? நீங்களும் கெழக்க பாத்து உக்காருங்க."

என் அடுப்படியில் கிழக்கு எது என்று போனில் பார்க்கலாம் என்றால், போனில் மதினி இருந்தார். குளிர்பெட்டிதான் கிழக்கு என்று முடிவு செய்து அதைப் பார்த்து உட்கார்ந்தேன். ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு என்று ஆரம்பித்து, பின்லாந்துக் கண்ணு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். அவர்கள் அவர் கையில் துப்பினார்கள். நான் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்பினேன். எரிகிற தேங்காய்ச் சிரட்டையில் எல்லாவற்றையும் கொட்டினார்.

திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது. எவ்வளவு எரிந்தாலும் நெடியே வராது. இல்லையென்றால் ஆளைத் தூக்கிவிடும். அண்ணன் முதலில் இருமினான். பிறகு தர்ஷினி. பிறகு மதினியே, கண்ணில் நீர் வழிய, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போயிருச்சு! வீட்டுல ஒண்ணும் இல்ல. நாளைக்குப் படம் வரும் தம்பி." என் பக்கம் குனிந்தார். "ஒங்களுக்கு நெடி வருதா?"

ஒரு இருமல் இருமியிருக்கலாம். இருமவில்லை.

"வரல மதினி."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வெறுங்கையால் போனுக்கு மட்டும் தனியே இன்னொரு முறை சுற்றினார். "ஒங்க மேலதான் நிக்குது. அங்க யாரையாச்சும் கூப்பிட்டுச் சுத்திப் போடச் சொல்லுங்க. தனக்குத் தானே சுத்திக்கக் கூடாது" என்றார். அதற்குள் கமறல் தாங்காமல், போனைப் பலகையிலேயே மல்லாத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே புகை போனது. வெளியே மூன்று பேரும் மாற்றி மாற்றி இருமுவதும், அண்ணன் என்னவோ சொல்லி மதினி சிரிப்பதும் கேட்டது. நான் போனைக் கிட்டத்தில் கொண்டுவந்து, மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.