வெப்பம் குடிக்கும் கையுறையோடு இரத்தினபுரிக்கு

பிள்ளைகளே, காலை ஆறேகாலுக்குக் கொடகவெலயில் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினேன். தூரம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் நூற்றெழுபது ரூபா. உட்கார இடமில்லை. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஒரு சோடி கையுறை.

சும்மா கையுறை இல்லை. விண்வெளிக்குப் போகிறவர்களின் உடுப்புக்கும், தீயணைக்கிறவர்களின் உடுப்புக்கும் இந்த மாதிரித் துணியைச் செய்து பார்க்கிறார்களாம். நூலுக்குள்ளே மணல் போல மெழுகு உருண்டைகள் இருக்கின்றன. ஐஸ் போட்ட தண்ணீர், ஐஸ் கரைந்து முடியும்வரை குளிராகவே இருக்கும் அல்லவா? அதே மாதிரி, மெழுகு உருகி முடியும்வரை சூட்டைத் துணியே குடித்துக்கொள்ளும், கைக்கு விடாது. துணி விறைப்பாகவும் இருக்காது, விரலை மடக்கலாம்.

நான் தோட்டத்துப் பெக்டரியில், தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். அடுப்புக் கதவை நாங்கள் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் திறக்கிறோம். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, என்னோடு வேலை செய்யும் ராமையாவின் வலது உள்ளங்கை வெந்துபோனது. அன்று இரத்தினபுரிப் பரிசோதனைக் கூடத்தில் நடக்கும் பரிசோதனை சரிவந்தால் எங்கள் அடுப்புக்காரர்களுக்கு இந்தக் கையுறை கிடைக்கும். சரிவராவிட்டால் துணி அலுமாரிக்குள் போய்விடும்.

பெல்மதுளை ஏழேகால். இன்னும் ஆட்களை ஏற்றினார்கள். கொண்டக்டர் என் பையைப் பிடுங்காத குறையாக, "மெஹெ தியன்ன அய்யே!", இங்கே வையுங்கள் அண்ணே என்று, ட்ரைவர் பக்கத்து இஞ்சின் பெட்டியைக் காட்டினார். அங்கேயே வைத்தேன். துணியைச் செய்து, எங்கள் கைக்கு அளவு பார்க்க இந்தச் சோடியை எனக்கு அனுப்பியிருந்த ரிஸ்னா மிஸ் முதல் நாளே போனில், "அண்ணன், அதைக் குளிரா வச்சிருங்க" என்று சொல்லியிருந்தார். இஞ்சின் பெட்டியில் வெயில் படவில்லை. அதனால் எனக்குப் பெரிய திருப்தி வேறு!

இரத்தினபுரி எட்டேகால். பரிசோதனைக் கூடத்து வாசலில் காவல்காரர் என் பெயரை மூன்று கொப்பியில் தேடினார். உள்ளே போக ஒன்பதரை ஆகிவிட்டது. மிஸ் அங்கே காத்திருந்தார். அதன் பிறகு அந்தக் கூடத்துப் பெரிய அதிகாரி, எல்லாருக்கும் அவர் சேர், ராக்கெட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பத்தரைக்குக் கையுறையின் விரலுக்குள் வெப்பமானியைச் செருகி, சூட்டுத் தகட்டில் வைத்தார்கள். ஐந்து நிமிஷம் தாங்க வேண்டும். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"ஃபெயில்" என்றார் சேர்.

மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. கையுறையைத் தொட்டுப் பார்த்தவர், "அண்ணன், இதை எங்க வச்சு கொண்டாந்தீங்க?" என்றார்.

"வெயில் படாமத்தான் மிஸ். இஞ்சின் மேல."

"இஞ்சின் மேலயா! வர்ற வழியிலேயே மெழுகெல்லாம் உருகிப்போச்சே. இந்த வெக்கையில மறுபடி உறையவும் இல்ல. இனி குடிக்க அதுக்கு வயித்துல இடம் எங்க இருக்கு?"

எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து மறுபடி பார்ப்போம் என்றேன். சேர் கடிகாரத்தைப் பார்த்தார். மெழுகு உறைவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடுமாம். "தப்பு என்னுது சேர், துணி மேல இல்ல. இதை முடிக்காம நான் போக மாட்டேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மறுபடி வைத்தார்கள். ஐந்து நிமிஷம் தாண்டியும் உள்ளே குளிர்! சேர் எழுந்து கைதட்டினார். "இதை ராக்கெட்டுக்கே அனுப்பலாம்!"

"சேர், நாங்க ஒரு ஷிப்டுல எத்தனையோ தடவை கதவைத் திறக்கிறோம். ஒரு தடவைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும், அப்ப இது நாலு தடவைதான் தாங்கும். பிறகு ஆற வைக்கணும். ஆளுக்கு ரெண்டு சோடி வேணும்."

"விண்வெளியில யாரும் சோடி மாத்த மாட்டாங்களே."

"அங்க யாரும் விறகும் போட மாட்டாங்க சேர்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ஆளுக்கு இரண்டு சோடி' என்று எழுதினார். சேர் கையெழுத்துப் போட்டார். எப்போது வரும் என்று கேட்டேன். அறிக்கை எழுத வேண்டுமாம், கூட்டம் வைக்க வேண்டுமாம். கடைசியில் மிஸ் அந்த ஒரு சோடியை மட்டும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

மூன்றரை பஸ்ஸில் திரும்பினேன். இரத்தினபுரியில் சூடு ஒரு தகட்டில் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் வந்தால் சுவிட்சை அமத்திவிட்டுப் போகலாம். எங்கள் அடுப்புக்கு அப்படி ஒரு சுவிட்ச் இல்லை, பிள்ளைகளே.

மறுநாள் காலை கையுறையை ராமையாவிடம் கொடுத்தேன். கட்டுப் போட்ட கை உள்ளே போகவில்லை. "இதைப் போன மாசம் கொண்டாந்திருக்கக் கூடாதாண்ணே?" என்றான். நானே மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவன் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினான். நாலாவது தடவை, "போதும், கழட்டுங்கண்ணே!" என்று கத்தினான்.

கழற்றினேன். கை வியர்த்திருந்தது, அவ்வளவுதான், ஒரு சிவப்புக்கூட இல்லை. ராமையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுப்புக்குள்ளே விறகு எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது, கையுறை ஆறும்வரை அது பொறுக்காது. நான் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

"மிஸ், கூட்டம் எப்ப வைக்கிறாங்க?"