துணையாளின் இருக்கை

என் மனைவியின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, வீட்டிலிருந்தபடியே பயிற்சிக்குப் போய்வந்தால் போதும் என்று மருத்துவக் காப்புறுதியிலிருந்து கடிதம் வந்தது. அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை மறுப்பது அவர்களுடைய வழக்கம். இரண்டாம் தடவை கேட்பது என்னுடைய வழக்கம். ஜேர்மனியின் ஹம் நகரில் குடியேறிகளுக்கான ஆலோசனை நிலையமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊர்த் தமிழரில் பாதிப் பேருடைய அன்ட்ராக்குகள், அதாவது விண்ணப்பங்கள், என் மேசையைத் தாண்டித்தான் போயின. ஒன்றரைப் பக்கத்தில் ஓர் ஆட்சேபம் எழுதினேன். காட்டோரத்தில் றீஹா என்கிற மறுவாழ்வுச் சிகிச்சை நிலையத்தில், சாப்பாடும் தங்குமிடமுமாக, மூன்று கிழமை கிடைத்தது.

அதை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதை வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. என் மனைவி வைத்திருக்கவில்லை.

அங்கே சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்காரவைக்கப்பட்டவள் ஒரு ஜேர்மன்காரி. ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். இரண்டு இடுப்பு மூட்டும் பழுது, நரைத்த கட்டைத் தலைமயிர், கறுப்பு ரீசேட். அந்த ரீசேட்டில் முள்வேலி போன்ற எழுத்தில் ஏதோ எழுதியிருந்ததாம். அது என்ன மொழி என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். அது ஓர் இசைக்குழுவின் பெயர்.

மூன்று கிழமை முடிந்து நான் கூட்டிவரப் போனபோது இருவரும் வாசலில் வாங்கிலில் இருந்தார்கள். ஒரே இயர்போன். ஒரு முனை என் மனைவியின் காதில், மற்றது ட்ராம்காரியின் காதில். தலைகள் ஒன்றாக ஆடின. நான் காரை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கி வைத்து, கதவைத் திறந்துகொண்டு நின்றேன். பாட்டு முடியும்வரை ஒருவரும் நிமிரவில்லை. அது முடிகிற பாட்டாகவும் தெரியவில்லை.

"என்ன அது?" என்று காரில் கேட்டேன்.

"புரோகிரசிவ் மெட்டல்," என்றாள், கடையில் கத்தரிக்காய் கேட்கிற குரலில். "அஞ்சு பொடியள். பொடியள் எண்டு சொல்லேலாது, எல்லாருக்கும் தாடி நரைச்சிட்டுது."

எங்கள் வீட்டில் இசை என்றால் நான்தான். கோயில் மண்டபத்தில் கச்சேரி நடந்தால் முன்வரிசையிலிருந்து தொடையில் தாளம் போடுவது நான். மிருதங்கக்காரர் தனி வாசிக்கும்போது பாடுகிறவர் என் கையைப் பார்த்துக்கொள்வார். பார்க்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். மனைவி பக்கத்தில் இருந்து, இரண்டாவது கீர்த்தனைக்குள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவாள். இத்தனை வருடமும் அதை நான் ரசனை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு புதன்கிழமைகள் என்னுடையவையாக இல்லை. ட்ராம்காரி கேக்கோடு ரெயினில் வந்து இறங்குவாள். கதவைத் திறக்கும் என்னைப் பார்த்து, "அலுவலகம் இன்றைக்குத் திறந்திருக்கிறதா?" என்று கேட்பாள். ஒவ்வொரு புதனும் அதே பகிடி. ஒவ்வொரு புதனும் என் மனைவி குசினியிலிருந்து சிரிப்பாள். பிறகு கதவு சாத்தப்படும். உள்ளே தச்சுப்பட்டறையும் இடிமுழக்கமும் கலந்த ஒரு சத்தம் கேட்கும். நான் வரவேற்பறையில் பத்திரிகையின் மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி பயிற்சிக்குப் போயிருந்த ஒரு காலையில், வாசலில் அவர்கள் கேட்ட அந்த நீளப் பாட்டை நானே போட்டேன். எதிரியைத் தெரிந்துகொள்ளத்தான். யாழ்ப்பாணத்தில் கணிதப் பட்டம் எடுத்தவன், எண்ணத் தெரியும். கையைத் தொடையில் வைத்தேன். மிஸ்ரசாபு மாதிரி ஏழு ஏழாகப் போயிற்று. சரி, பிடித்துவிட்டேன் என்று நினைத்த இடத்தில் ஓர் எட்டு வந்து என்னைக் கவிழ்த்துவிட்டுப் போனது. மறுபடி தொடங்கினேன். மறுபடி கவிழ்ந்தேன்.

நடுவில் எல்லாச் சத்தமும் நின்றது. தொடக்கத்தில் தொண்டை கிழியப் பாடிய அதே மெட்டை ஒற்றைக் கிற்றார் மெதுவாக எடுத்தது. அதன் அடியில் ட்ரம்ஸ் வேறொரு கணக்கில் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று கவனிக்காதவை போலத் தனித்தனியே போய், நான் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரே அடியாக விழுந்தன. என் கைமயிர் எழுந்து நின்றது. திரும்பப் போட்டேன். திரும்பவும் எழுந்தது.

பிடித்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். மோசமான இசையாக இருந்திருந்தால் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது நல்ல இசை. என் மனைவி அதை இன்னொருத்தியோடு கண்டுபிடித்திருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிடும்போது மெல்லத் தொடங்கினேன். "உந்த நீளப் பாட்டில ரெண்டு தாளம் ஓடுது. கவனிச்சனீரோ?"

"எண்ணிக்கொண்டு இருந்தனீங்களோ?"

"எண்ணாமல் எப்பிடிக் கேக்கிறது?"

"அவ எண்ணுறேல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டு இருப்பா. எனக்கு அது வசதி."

"உமக்கு நித்திரை வாறேல்லையோ?"

"இதுக்கோ?" என்றாள். "இல்லை." சொதியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அடுத்த மாரியில் அந்தக் குழு டோர்ட்மூண்டுக்கு வருகிறது என்று செய்தி வந்தது. என் மனைவியிடம் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு. மூட்டுவாதமும் தலைச்சுற்றும் சேர்ந்து கிடைத்தது. அதில் 'பே' (B) என்றொரு எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து இருந்தால் ஒரு துணையாளை இலவசமாகக் கூட்டிப்போகலாம். அந்த எழுத்தையும் ஆட்சேபம் எழுதித்தான் வாங்கினேன்.

"ஆரைக் கூட்டிக்கொண்டு போறீர்?" என்று கேட்டேன், தெரியாதவன் போல.

"அவவைத்தான். உங்களுக்கு உந்தச் சத்தம் ஏலாதெல்லே."

துணையாள் கணவனாக இருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

என் மனைவிக்கும் துணையாளுக்கும் எடுத்தது போக, மற்ற ரிக்கெற்றுகள் விற்று முடிந்துவிட்டன. அட்டைக்காரருக்கான உயர்ந்த தளத்தில் மட்டும் ஓரிடம் மிச்சம் இருந்தது. அட்டையில் அந்த எழுத்து உள்ளவருக்குத்தான் கொடுப்பார்கள். ட்ராம்காரியிடம் அட்டை இருந்தது, எழுத்து இல்லை. ஆனால் அவள் தகுதியானவள்தான். எங்கள் ரெயின் நிலையப் படியில் ஒருமுறை விழுந்தும் இருக்கிறாள். அவள் தன் உரிமையில் போனால் என் மனைவியின் துணையாள் இடம் காலியாகும். இவ்வளவு நேர்த்தியான திட்டத்தை நான் வேலையில் இருந்த காலத்தில்கூடப் போட்டதில்லை. தொலைபேசியில் பேசி அந்த இடத்தை மறித்து வைத்தேன்.

அடுத்த புதன் குசினிக் கதவைத் தட்டி, அன்ட்ராக்கை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"அலுவலகம் வீடு தேடி வருகிறது," என்றாள் ட்ராம்காரி. பகிடியாகத் தொடங்கியவள் கேக்கில் பெரிய துண்டொன்றை வெட்டி என் பக்கம் தள்ளினாள். இதற்கு முன் அவளுக்காக யாரும் எதையும் எழுதிக்கொடுத்ததில்லையாம்.

"நல்ல மனுசன் அப்பா நீங்கள்," என்றாள் என் மனைவி. வெகுகாலமாக என்னை அப்படிப் பார்க்காதவள். நான் தரையைப் பார்த்தேன்.

மாரிக்கு முன்னரே ட்ராம்காரியின் அட்டைக்கு எழுத்து வந்தது. "இப்ப உமக்குத் துணையாள் இல்லை," என்று நினைவூட்டினேன்.

"அப்ப நீங்கள் வாங்கோவன்," என்றாள், சந்தைக்குக் கூப்பிடுவது போல. எனக்கு அது போதுமாக இருந்தது. புதிதாக ஒரு கறுப்புச் சேட் வாங்கினேன்.

மண்டபத்தில் ஓர் இளம்பெண் எங்களைத் தளத்துக்கு அழைத்துப் போனாள். அட்டைக்காரருக்கு முன்வரிசை, கம்பிக்கரையோடு. துணையாட்களுக்குப் பின்வரிசை. விதி அப்படியாம்; இணையத்தளத்தில் போட்டிருக்கிறார்களாம். கடிதங்களின் அடிக்குறிப்புகளையும் விடாமல் வாசிக்கிற நான் அதை வாசிக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் ட்ராம்காரி என் மனைவிக்குப் பின்னால்தான் இருந்திருப்பாள். அவளை அங்கிருந்து கிளப்பி, பக்கத்துக் கதிரையில் இருத்தியவன் நான்.

விளக்குகள் அணைந்தன. முன்னே இரண்டு நரைத்த தலைகள். என் மடியில் இரண்டு பெண்களின் குளிர்ச்சட்டைகளும் ஒரு கைப்பையும். அந்தப் பாட்டு தொடங்கியபோது சட்டைகளின் அடியில் கையை நுழைத்துத் தாளம் பிடித்தேன். சத்தம் நின்று ஒற்றைக் கிற்றார் எழுந்த நேரம், என் மனைவி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்களை உதறிவிட்டு, போத்தல் வடிவம் காட்டினாள். கைப்பையைத் துழாவித் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து, முதலில் ட்ராம்காரிக்கு நீட்டினாள்.

அப்போது இரண்டு கணக்கும் ஒன்றாக விழுந்தன. என் கையும் அதே அடியில் விழுந்தது, இம்முறை பிசகவில்லை. ட்ராம்காரியின் தோளில் சாய்ந்த என் மனைவியின் முகம் மேடை வெளிச்சத்தில் பக்கவாட்டில் தெரிந்தது; கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள்.