மேகம் கறுத்த நாள் பாடம்

எங்கள் அண்ணிக்கு மழை வரப்போவது எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை, அது அவள் பட்ட பாடு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று நின்று புழுக்கம் கூடும். அப்போது வலது புருவத்துக்கு மேல் பிடிக்கிற வலி, மழை கொட்டித் தீர்க்கிற வரைக்கும் விடாது. மேகம் கூடிவிட்டுப் பெய்யாமல் கலைந்துபோகிற நாள் இன்னும் மோசம். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனைகூட ஆகாது. அண்ணனுக்கோ லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை, குவார்ட்டர்ஸ் ஒர்க்ஷாப் மதிலை ஒட்டி. சம்மட்டி அடியும் சங்குச் சத்தமும் நாள் முழுக்கக் காதில் விழும். அந்த மண்டையை வைத்துக்கொண்டு அவள் எப்படித்தான் குடித்தனம் நடத்தினாளோ, சாமி!

வீட்டில் அவளுக்குப் பெயர் சீக்காளி. என்னைப் பெற்றவளே அப்படித்தான் சொல்வாள், அதுவும் அண்ணியின் காதில் விழுகிற மாதிரி. வந்து போகிற சொந்தக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, கடைசியில் "எல்லாம் மனசுதான்" என்று முடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி மட்டும் சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு, அவர்களுக்கே காப்பி கலந்து கொடுப்பாள்.

யுத்த காலம் அது. எங்கள் லைனில் முக்கால்வாசிக் குடும்பங்கள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒர்க்ஷாப் வேலைக்கு வந்தவை. பிள்ளைகள் வாயில் தமிழ் தேய்ந்துகொண்டே வந்தது. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் "ஆமா"வுக்குப் பதிலாக அந்த ஊர் உருதுவில் "ஹவ்" என்று வரும். பெரியவர்கள் கூடிப் பேசி, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார்கள். எட்டாவது வரை படித்த பெண்பிள்ளை லைனிலேயே அண்ணி ஒருத்திதான். "இவளா? இவ தலையை இவளாலயே தூக்க முடியலையே" என்று அம்மா சிரித்தாள். அண்ணி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்க நாத்தனார் நானும் கூடப் போனேன். என் தொண்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும்.

முதல் மழைக்காலத்திலேயே அண்ணியை வலி பிடித்தது. வகுப்பை நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பிள்ளைகளைக் கிட்டே நெருங்கி உட்காரச் சொல்லி, "இன்னைக்கு எல்லாரும் மெதுவாப் பேசலாம். பக்கத்துல இருக்கிறவனுக்குக் கேட்டாப் போதும்" என்றாள். பாடம் சொன்னாள். பிள்ளைகள் வாய்க்குள்ளேயே திருப்பிச் சொன்னார்கள். வீதியில் கோலிக்காகக் குடுமிப்பிடி சண்டை போடுகிற அந்த வானரங்கள் மூச்சுவிடுகிற சத்தத்தில் பாடம் படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கத்திப் படிக்கும்போது கூட்டத்தோடு கூட்டமாக வாயை மட்டும் அசைத்த பிள்ளைகள்கூட இப்போது எழுத்தைப் பார்த்துப் படித்தார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மேகம் கறுத்தால் யாரும் சொல்லவே வேண்டாம், பிள்ளைகள் வானத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் நடத்தினாள். அப்புறம் ரயில்வே பள்ளிக்கூடத்திலேயே தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம், அண்ணிக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஹெட்மாஸ்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நோய் நொடின்னு அவர் காதுல விழுந்துதுன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கம்மா. பார்த்துக்குங்க" என்று எச்சரித்தார். அண்ணி தன் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒரு வேலையைத்தான். சீக்காளி என்ற பெயர் போய் டீச்சர் என்ற பெயர் நிற்கப் போகிறது என்று நானும் வேண்டாத சாமி இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பார்த்து மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி முகம் வெளுத்துப் போயிருந்தது. நெற்றிப் பற்றைத் தேய்த்துக் கழுவி, பெரிய பொட்டாக வைத்துக்கொண்டாள். "முடியுமா அண்ணி?" என்றேன். "முடியாட்டி மட்டும் விட்டுருவாங்களா? நட" என்றாள்.

இன்ஸ்பெக்டர் மதராஸ் பக்கத்துப் பெரியவர், கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "படிக்கச் சொல்லுங்கோ" என்றார். பிள்ளைகள் வெளியே வானத்தைப் பார்த்தார்கள், அண்ணியைப் பார்த்தார்கள். புத்தகத்தைத் திறந்து வழக்கம்போல வாய்க்குள்ளேயே படிக்க ஆரம்பித்தார்கள். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன இது? குரலே வரலையே! வாசிக்கத் தெரியலையா, பயமா?" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லு. ஏன் இப்படி?" என்று கேட்டார்.

செத்தோம் என்று நினைத்தேன். ஏழு எட்டு வயசுக் குழந்தை, உள்ளதைத்தானே சொல்லும்? அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ராத்திரி டூட்டி பார்த்துட்டு அப்பாங்கள்லாம் தூங்குறாங்க சார். எழுப்பக் கூடாது" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் "ஹவ் சார், ஹவ் சார்" என்று தலையாட்டினார்கள். அட என் தங்கங்களே! அந்த நிமிஷம் அத்தனை பேரையும் வாரிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவரும் சந்தோஷப்பட்டார். வினை அதில்தான் வந்தது. "பேஷ், நல்ல பழக்கம். இன்னிக்கு ஒரு நாள் எழுப்பினால் தப்பில்லை. வாயைத் திறந்து கணீர்னு வாசியுங்கோ பார்ப்போம்!"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் மட்டும், "நக்கோ டீச்சர், வேணாம்" என்றான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

அண்ணி எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பாடத்தின் முதல் வரியை அவளே சொன்னாள். வாய்விட்டு, கொட்டகைத் தகரம் அதிர்கிற மாதிரி சொன்னாள். அத்தனை பெரிய குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிள்ளைகள் திகைத்துப் போய், பிறகு கூடவே சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் அவள் இமை துடித்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. பாடம் முடிந்ததும் அந்த மனிதர், "அபாரம்! இன்னொன்று ஆகட்டும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் காலை ஓங்கி மிதித்தாள். இன்னொரு பாடமும் ஆயிற்று, அதே குரலில்.

அவர் எல்லோர் முன்னாலும், "இந்த அம்மாவே நடத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அண்ணி நின்றாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உசிரை வாங்குது. இந்த வேலை உங்களுக்கு எதுக்கு அண்ணி? பேசாம வீட்டுல படுத்துக் கிடக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுல படுத்துக் கிடந்தாலும்தான் இது வரும். அங்க வந்தா நான் சீக்காளி. இங்க வந்தா எனக்காகப் பொய் சொல்ல இத்தனை பிள்ளைங்க இருக்குதுங்க. இங்கயே வரட்டும்."