தானாகத் தைத்துக்கொண்ட சட்டை

கடைப்படியில் கால் வைக்குமுன் அவள் வலது கையின் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கி இடது மணிக்கட்டில் மாட்டுவாள். அதை மெல்ல முழங்கைப் பக்கம் ஏற்றுவாள். விரல் நுனிகள் பிரிகிற இடம் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகுதான் உள்ளே வருவாள்.

எங்கள் தையல் கடைக்கு எதிரே பெண்கள் கல்லூரி விடுதி. மிஷினில் அத்தை உட்காருவார். காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் என் வேலை. அங்கே தங்கிப் படிக்கிற அவளுக்கு அத்தை வைத்த பெயர் நூலு. தலைமுடியைப் பையனைப் போல ஒட்ட வெட்டியிருப்பாள். எப்போது வந்தாலும் கையில் அதே சாம்பல் நிறச் சட்டைதான்.

"இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா."

"இதுக்கு மேல பிடிச்சா தலகாணி உறைக்குக்கூட ஆகாதுடி. சாப்பிட்டியா?"

"இது எனக்கு லூசாச்சுன்னா அன்னைக்குச் சாப்பிடலாம். அப்புறம் திரும்பப் பிடிக்கணும். டைட்டா இருந்தா சாப்பாடு கிடையாது. அதாங்க்கா எங்க ரூம்ல சட்டம்."

கூடவே அறைத்தோழியும் வருவாள். வெயிலிலும் தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் ஆண்கள் போடும் பெரிய சட்டை. "என் ஒரு கைகூட அதுக்குள்ள நுழையாதுக்கா" என்று சிரிப்பாள். அத்தை நீட்டும் ரொட்டியில் நூலுவின் பங்கையும் பிடுங்கிக்கொண்டு வெளியே போவாள்.

"அது பிழைச்சுக்கும். இவளை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றார் அத்தை.

அதனால் அத்தை ஒரு திருட்டு வேலை செய்தார். பிடிக்கச் சொன்ன இடத்தில் தையலைப் பிரித்து, உள்ளே மடங்கியிருந்த துணியை வெளியே விட்டார். "நல்லா இறுக்கியிருக்கேன், போட்டுப் பாரு" என்றார். திரைக்குப் பின்னால் போன நூலு இடுப்பில் துணியைத் திரட்டிப் பிடித்தபடி வெளியே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அன்று எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு முட்டை சாப்பிட்டாள்.

ஆனால் அடுத்த முறை சட்டை வந்தபோது அத்தை பிரித்த இடமெல்லாம் மூடியிருந்தது. எறும்பு வரிசை போன்ற பொடித் தையல். மறுபடி பிரித்தார். மறுபடி மூடி வந்தது. அத்தை அந்த வரிசையை நகத்தால் நெருடினார்.

"டேய், இது நூல் இல்லடா."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைமுடி. ஒவ்வொன்றும் ஒரு முழம் இருக்கும். ஒட்ட வெட்டிய நூலுவின் தலையை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"யாருடி இதைத் தச்சது?"

"யாருமில்லக்கா." அவள் குரல் இறங்கியது. "காலைல எழுந்தா இப்படி இருக்கு. அதுவா தச்சுக்குது."

அன்று தொப்பிக்காரி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாள் கழித்து ஆம்புலன்ஸ் ஒன்று விடுதிக்குள் போனது. "ஐயோ, நூலு!" என்று அத்தை துணியை ஊசியோடு விட்டுவிட்டு எழுந்தார். வாசல் வரைதான் போனார். படியில் சாம்பல் நிறச் சட்டையோடு நூலு நின்றிருந்தாள். விரல்களை வளையமாக்காமல் நின்றிருந்தாள்.

"நான் இல்லக்கா" என்றாள். "அவ."

மற்றதெல்லாம் பிறகு நூலு சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெரிய சட்டையைக் கழற்றினார்களாம். உள்ளே இன்னொரு சட்டை, அதற்குள் இன்னொன்று. எல்லாம் கழற்றியபின் மிஞ்சியவள் நூலுவில் பாதி இருந்தாளாம். தொப்பிக்கு அடியில் முடி அநேகமாக இல்லை. உதிர்ந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள். சாம்பல் நிறச் சட்டை இரண்டு பேருக்கும் பொது. முறை வைத்துப் போட்டுப் பார்ப்பார்களாம். தனக்கு லூசாகிவிட்டால் சாப்பிட வேண்டி வருமே என்று பயந்து, ஒவ்வொரு முறையும் தன் நாளுக்கு முந்தின இரவு அந்த முடியால் அவள்தான் அதை இறுக்கித் தைத்திருக்கிறாள்.