ஹயேத்தின் ரத்தத்தில் ஏறாத எண்

ஸ்ஃபாக்ஸ் நகரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸாக இருந்தாள் ஹயேத். கல்லீரலைத் தின்னும் பி வகைக் கிருமிக்கான தடுப்பூசியை அவள் இரண்டு சுற்று முழுதாகப் போட்டுக்கொண்டவள். மற்ற நர்ஸ்களுக்கு முதல் சுற்றிலேயே ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளின் அளவு நூறு, ஐந்நூறு என்று எகிறியது. பத்தைத் தாண்டினாலே போதும் என்பார்கள். ஹயேத்துக்கு அந்த எண் இரண்டிலேயே நின்றுவிட்டது.

"உன் ரத்தமும் உன்ன மாதிரியே சோம்பேறிடி" என்று கேலி செய்வாள் கூட வேலை பார்க்கும் நஜிபா.

"ஓஞ்சு போயிருக்கும். அதுவாவது ஓய்வெடுக்கட்டும், விடு."

அந்தக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி இயந்திரம். எதிர்ப்பு உள்ள நர்ஸ்கள்தான் உள்ளே போவார்கள். ரமலான் மாதத்தில் ஒருநாள் நஜிபா வரவில்லை. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியபோது தனி அறையிலிருந்து கிழவர் ஃபர்ஜானி அலறினார். ஊசி நழுவி, கையிலிருந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு யாருமில்லை. ஹயேத் ஓடினாள். தசை இழுத்துக்கொண்டதில் கிழவர் கையை உதற, ஊசி அவள் கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியது.

"அல்லாவே! உன்னைக் குத்திருச்சா மகளே?"

"பேசாம இருங்க மாமா. இங்க அழுத்திப் பிடிங்க. முதல்ல உங்க ரத்தம் நிக்கட்டும்."

அது நின்ற பிறகுதான் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். டாக்டர் லம்ஜத் அன்றைக்கே ஊசி போட ஏற்பாடு செய்தார்.

"உன் உடம்பு எதிர்ப்பொருள் செய்ய மாட்டேங்குது. மத்தவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்ததப் போடறோம். அடுத்த மாசம் இன்னொண்ணு."

"அது நிலைக்குமா டாக்டர்?"

"சில மாசத்துல கரைஞ்சிடும். அதுக்குள்ள கிருமியை மடக்கிட்டாப் போதும்."

வீட்டில் ஹயேத் தன் துண்டைத் தனியாக வைத்தாள். கணவன் மொந்தருக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.  

அடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் நூற்றைத் தாண்டியிருந்தது. நஜிபா குலவையே போட்டாள்.

"சும்மா இருடி. அது யாரோ முகம் தெரியாதவங்களோடது" என்றாள் ஹயேத்.

அதே பரிசோதனையில் நஜிபாவின் எண் ஏழாகக் குறைந்திருந்தது. அவள் பதறிப்போனாள். டாக்டர் சிரித்தார்.

"உனக்குப் பயமில்ல. உன் உடம்பு ஒரு தடவை கத்துக்கிடுச்சு. கிருமி வந்தா மறுபடியும் செஞ்சுக்கும். ஹயேத் உடம்பு கத்துக்கவே இல்ல."

ஹயேத் காதில் விழாததுபோல் குழாய்களைச் சுற்றி வைத்தாள். அவ்வளவு பெரிய எண்ணோடு தான் பயப்பட வேண்டும், ஏழோடு நஜிபா நிம்மதியாகத் தூங்கலாம் என்பதில் அவளுக்கு மனசு ஆறவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்த முடிவில் கிருமி இல்லை. இரவல் எதிர்ப்பொருளும் வடிந்து, எண் பழையபடி இரண்டுக்கு வந்திருந்தது. அவள் நேராகத் தனி அறை வாசலுக்குப் போனாள். இத்தனை மாதமும் குற்ற உணர்வில் ஃபர்ஜானி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"மாமா, எனக்கு ஒண்ணுமில்லையாம்."

கிழவர் அழுதுவிட்டார். "இனி நான் செத்துக்கெடந்தாலும் உள்ள வராத!"

"வரமாட்டேன்" என்றாள். சொல்லும்போதே, அவர் மறுபடி அலறினால் அது முடியாத காரியம் என்று அவளுக்குத் தோன்றியது. கூடத்தில் ஓர் இயந்திரம் அலறியது. கனத்த கால்களை இழுத்துக்கொண்டு அங்கே போனாள்.